பழைய டட்சன் பிக்கப்புக்குப் புது ரேடியோ செட்: கடையில் சொல்லாத விஷயங்கள்

"செட்டைக் கொண்டுவாங்க, அரை மணித்தியாலத்தில் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொல்வார்கள். விட்ஸ், அல்டோ, வெகன் ஆர் போன்ற புதிய கார்கள் என்றால் அது உண்மைதான். டேஷுக்குப் பின்னால் இருக்கிற பிளக்கில் பொருத்தமான ஹார்னஸை, அதாவது பிளக்கோடு வரும் வயர்க் கட்டை, குத்தினால் வேலை முடிந்தது. 1978ஆம் ஆண்டு டட்சன் 620 பிக்கப்பில் குத்துவதற்குப் பிளக்கே கிடையாது. இருப்பது நிறம் மங்கிய நாலைந்து வயர், அவற்றில் எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வித்தியாசத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு செட்டும் ஒரு பெட்டரியும் மிச்சமாகியிருக்கும். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது செலவு ஒரு லட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. அதில் பாதி வீண் காசு. பழைய வண்டியை வைத்துக்கொண்டு இதே வேலைக்கு இறங்குகிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி மாமாவுடையது. பழைய சோனகத் தெருவில் அவருக்கு ஹாட்வெயார் கடை இருந்த காலத்தில் சீமெந்தும் கம்பியும் பெயின்ட் வாளியும் சுமந்தது. பழைய ஶ்ரீ நம்பர் பிளேட், நீளமாக ஒரே சீட், கையால் சுழற்றி இறக்கும் கண்ணாடி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கொழும்பில் பழைய வண்டிகளுக்கெல்லாம் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. அந்த நேரம் இதைக் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். மாமா விற்கவில்லை, எனக்குத் தந்துவிட்டார். டேஷில் ஏற்கனவே ஒரு ரேடியோ இருந்தது. இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் ஊசி ஓடும் கண்ணாடி, மத்திய அலை மட்டும். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையை அதில் கேட்டுக்கொண்டுதான் மாமா ஓடுவார். இப்போது அதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வருவதில்லை. நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. போனில் இருக்கிற பாட்டு, வழி சொல்லும் குரல், ஓடும்போது அழைப்பு வந்தால் போனைக் கையில் எடுக்காமல் கதைக்க ஒரு வசதி, அவ்வளவுதான்.

முதலில் போனது பஞ்சிகாவத்தைக்கு. ஜப்பானில் இருந்து வந்த வாகனங்களில் கழற்றிய செட்டுகளை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க வடிவாக இருக்கும், விலையும் குறைவு. நான் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கடை நானா, "தம்பி, அதில சூரியனும் வராது, சக்தியும் வராது" என்று நம் எஃப்.எம். வானொலிகள் இரண்டின் பெயரைச் சொன்னார். தன் சாமானைப் பற்றித் தானே அப்படிச் சொன்ன அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடியும். கொஞ்சம் புதிய செட் என்றால் 95 வரை போகும். நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. தமிழ் வானொலிகளில் பெரும்பாலானவை அந்த ஜப்பான் எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. ஏரியல் வயரில் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைச் செருகி அலைவரிசையைக் கீழே இறக்கலாம். ஆனால் திரையில் ஒரு இலக்கமும் உண்மையில் வேறொரு இலக்கமுமாக இருக்கும், இரைச்சலும் கூடும். நெவிகேஷன் உள்ள சில செட்டுகள் பெட்டரியைக் கழற்றினால் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும், மெனு முழுக்க ஜப்பான் மொழியில் இருக்கும். பழைய வண்டியில் பெட்டரியை எத்தனை தரம் கழற்ற வேண்டிவரும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ரிகண்டிஷன் செட் எடுப்பதென்றால், 108 வரை போகிறதா என்று கடையிலேயே ஓடவைத்துப் பாருங்கள்.

புதுச் செட் ஒன்று முதலாம் குறுக்குத் தெருவில் 24,000 ரூபாவுக்குக் கிடைத்தது. அப்போதுதான் அளவுப் பிரச்சினை வந்தது. இப்போதைய செட்டுகள் எல்லாம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்கிற பெரிய வகை என்றால் உயரம் மட்டும் 100 ஆகும். டட்சனின் டேஷில் இருப்பதோ குமிழ்களுக்கு இரண்டு வட்டத் துளையும் நடுவில் ஒரு சின்னச் சதுரமும். செட்டைப் போடக் கொண்டுபோன கடையில் ஒரு பையன் அளந்துகூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய் வாள் பிளேட்டோடு வந்தான். "வெட்டினால் சரி அண்ணே." வேண்டாம் என்று தடுத்தேன். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், நீங்களும் இருங்கள். ஒரு முறை வெட்டிய டேஷைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நாளைக்கு வண்டியை விற்கப்போனால் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். வெட்டினாலும் பின்னால் இடம் போதாது. அங்கே வைப்பர் கம்பிகளும் காற்றுக் குழாயும் ஓடுகின்றன. சீடி உள்ள செட்டுக்குக் கிட்டத்தட்ட 160 மில்லிமீட்டர் ஆழம் தேவை. சீடி இல்லாத வகை கட்டையாக இருக்கும், ஆகவே பழைய வண்டிக்கு அந்த வகையைத்தான் தேட வேண்டும். பழைய ரேடியோவின் துளைகளிலேயே உட்காரும்படி இரண்டு குமிழோடு புளூடூத் செட் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் உண்டு, ரெட்ரோசவுண்ட் அப்படி ஒன்று. அழகான சாமான். வரவழைக்கும் செலவையும் சுங்க வரியையும் நினைத்து நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வெட்ட விடாததில் கடைப் பையனுக்குக் கொஞ்சம் முகம் கோணியது. டேஷுக்குக் கீழே ஒரு பிராக்கெட் அடித்துச் செட்டைத் தொங்கவிட்டான். டட்சனில் ஹேண்ட்பிரேக்கும் அங்கேதான், கீழிருந்து இழுக்கிற வகை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முட்டி செட்டில் இடிக்கும். கூலி 5,000 ரூபா. பாட்டு வந்தது, புளூடூத் பிடித்தது, காலி வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு வெள்ளவத்தை வரை பெருமையாக ஓடிவந்தேன். அந்த மகிழ்ச்சி அடுத்த திங்கட்கிழமை காலை வரைக்கும்தான். திறப்பைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் இருந்து ஜம்பர் வயர் போட்டு எடுத்தேன். பெட்டரி பழசு என்று நினைத்தேன், கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். சனி, ஞாயிறு வண்டியை நிறுத்தி வைத்தால் திங்கள் காலையில் அதே கதை. இப்படி அடிக்கடி வடிந்து வடிந்து கடைசியில் பெட்டரி உண்மையாகவே செத்துப்போனது. புதியது 22,000 ரூபா. அது போட்டுச் சில நாளில், பம்பலப்பிட்டியில் நெரிசலில் நிற்கும்போது பாட்டு விட்டுவிட்டு வந்தது. செட்டின் முதுகைத் தொட்டால் கை சுட்டது. திரையில் புரொடெக்ட் என்று ஒரு வார்த்தை வந்து மறைந்தது. அப்புறம் கருகிய வாடை. அத்தோடு செட் போய்விட்டது.

செட் விற்ற கடைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "வயரிங் பிழை, இதற்கு வாரண்டி இல்லை" என்றார்கள். வயரிங் செய்த கடையில், "செட் சரியில்லை, சைனா சாமான்" என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வெயிலில் கையில் அந்தச் செத்த செட்டோடு நின்றபோது வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒரு விஷயம் மட்டும் தெளிவானது. வயரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாத வரைக்கும் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. அன்றைக்கே வோல்ட்டும் கரண்டும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். சாதாரணமானது, 2,500 ரூபாதான். இந்தக் கதையில் மிகவும் பிரயோசனமான செலவு அதுதான், செட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

டேஷுக்குக் கீழே மல்லாந்து படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, கரண்ட். எந்தப் புதுச் செட்டிலும் மஞ்சள் வயர் நேரடியாகப் பெட்டரிக்குப் போக வேண்டும், கடிகாரமும் நினைவகமும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. சிவப்பு வயர் திறப்போடு சேர்ந்து வரும் கரண்டுக்கு. கறுப்பு எர்த், வண்டியின் இரும்பு உடம்புக்கு. கடையில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, எப்போதும் கரண்ட் இருக்கிற வயர் ஒன்றில் கட்டியிருந்தார்கள். ஆகவே பொத்தானை அழுத்திச் செட்டை நிறுத்தினாலும் அது உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புதுச் செட் ஒன்று வாங்கியதும் அதே வயரில் பிடித்து அளந்து பார்த்தேன்: கிட்டத்தட்ட 0.35 அம்பியர். சின்ன இலக்கம் மாதிரித் தெரியும். வெள்ளி மாலை தொடக்கம் திங்கள் காலை வரை 60 மணித்தியாலம் என்று வைத்தால் 21 அம்பியர் அவர் (அம்பியர் மணித்தியாலம்) போய்விடுகிறது. என்னுடையது 45 அம்பியர் அவர் பெட்டரி. பாதியளவு வடிந்த பெட்டரியை வைத்து ஸ்டார்ட்டர் என்ன செய்யும்? மஞ்சளும் சிவப்பும் சரியான இடத்தில் இருந்தால் நிறுத்தி வைத்த செட் சில மில்லி அம்பியர்தான் எடுக்கும். நீங்களும் அளந்து பார்க்கலாம். திறப்பை எடுத்துவிட்டுப் பெட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 அம்பியர் துளையில் வைத்துப் பிடியுங்கள். அப்படிப் பிடித்திருக்கும்போது மட்டும் தவறியும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், மீட்டர் போய்விடும்.

இரண்டாவதுதான் செட்டைக் கொன்றது. பழைய ரேடியோவுக்கு டேஷின் மேல் ஒரே ஒரு ஸ்பீக்கர். அந்தக் காலத்து வழக்கப்படி அதன் ஒரு முனை ரேடியோவுக்கும் மற்ற முனை நேராக வண்டியின் உடம்புக்கும், அதாவது எர்த்துக்கும், போகிறது. பழைய ரேடியோவுக்கு அது சரி. இப்போதைய செட்டில் ஸ்பீக்கருக்கு வரும் இரண்டு வயரிலும் அம்ப்ளிஃபயர் வேலை செய்கிறது. இரண்டிலும் பெட்டரியின் பாதியளவு வோல்ட் எப்போதும் நிற்கும். அதில் ஒன்று உடம்பைத் தொட்டாலும் அம்ப்ளிஃபயர் ஐசி (சிப்) எர்த்தை நோக்கிக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், சூடேறும், தன்னைக் காப்பாற்றப் பார்க்கும், முடியாமல் போனால் கருகும். என் வண்டியில் போதாததற்கு இடது, வலது இரண்டு பக்கத்துப் பொசிட்டிவ்களையும் ஒன்றாக முறுக்கி அந்த ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தார்கள். சத்தம் குறைவாக வைத்ததால்தான் அத்தனை நாள் தாங்கியிருக்கிறது போல. இதைப் பரிசோதிக்க ஒரு நிமிடம் போதும். செட்டைப் பூட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் மீட்டரின் பீப் நிலையில் வைத்து வண்டியின் இரும்போடு தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் அந்த வயரை விட்டுவிட்டுப் புது வயர் இழுங்கள். ஒரே ஸ்பீக்கர்தான் வேண்டும், டேஷின் பழைய இடத்திலேயே வேண்டும் என்றால், ஒரே கூட்டில் இரண்டு கொயில் (கம்பிச் சுருள்) உள்ள ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடதும் வலதும் தனித்தனிக் கொயிலுக்குப் போகும், ஒன்றோடொன்று முட்டாது.

புதுச் செட்டின் வயர் நிறங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று இருக்கும், அது நெகடிவ். நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் வெளி அம்ப்ளிஃபயருக்கு. இரண்டு ஸ்பீக்கர்தான் போடுகிறீர்கள் என்றால் மிச்ச வயர் நுனிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே டேப் சுற்றி வையுங்கள். ஒன்றாகச் சேர்த்துச் சுற்றினால் அதுவும் ஷோர்ட்தான்.

இரண்டாவது செட்டுக்கு 31,000 ரூபா போனது. இந்த முறை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் வண்டியைப் பார்த்தேன். இங்கேதான் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் மாட்டியது. என்ஜின் ஓடும்போது பெட்டரியில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வோல்ட் இருக்க வேண்டும். என் வண்டியில் அக்சிலேட்டரை மிதித்தால் 15.6 வரை ஏறியது. பழைய டட்சனில் பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டனேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக, பொனட்டுக்குள் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கும், தொட்டு விலகும் பொயின்ட்டும். பொயின்ட் தேய்ந்தால் வோல்ட் கட்டுக்கு அடங்காது. பல்புகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், கொஞ்சம் சீக்கிரம் எரிந்துபோகும், அவ்வளவுதான். எலெக்ட்ரோனிக் செட் பொறுக்காது. கொட்டாஞ்சேனையில் வயதான ஓட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஐயா மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இதைச் சுரண்டிச் சரிக்கட்டலாம். ஆறு மாதத்தில திரும்ப வருவீங்க" என்றார். எலெக்ட்ரோனிக் வகை ரெகுலேட்டரையே மாற்றிக்கொண்டேன். சாமானும் கூலியுமாக 12,000 ரூபா. அதோடு என்ஜினுக்கும் உடம்புக்கும் இடையில் போகும் எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார். போல்ட்டைச் சுற்றி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பட்டை கையோடு பிய்ந்து வந்தது. கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டிகளில் எல்லாம் இதைப் பார்க்கலாம் என்றார். உப்புக் காற்று முதலில் தின்பது எர்த்தைத்தான்.

இன்னும் பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள், உதாரணமாக மொரிஸ் மைனர் பிக்கப், இன்னொன்றையும் கவனியுங்கள். அவற்றில் பல, பெட்டரியின் பொசிட்டிவ் முனையை உடம்பில் கட்டியவை. அதில் இப்போதைய செட்டை அப்படியே பூட்டினால் அந்த நொடியே முடிந்தது. முதலில் பெட்டரியின் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பாருங்கள். லொறி வகைகளில் 24 வோல்ட்டும் இருக்கும், அதற்கு இறக்கிக் கொடுக்கும் கருவி வேண்டும்.

வயரிங்கை இந்த முறை நானே செய்தேன். பழைய வயர்களை ஒன்றுகூடத் தொடவில்லை. நாற்பத்தைந்து வருடத்து வயரின் மேல் தோல் அப்பளம் மாதிரி, வளைத்தால் நொறுங்குகிறது. அதில் எதையாவது சுரண்டி முறுக்குவது தீயை அழைப்பது. பெட்டரியில் இருந்து செட்டுக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை இழுத்தேன். பெட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். பியூஸ் செட்டைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றுவதற்கு, ஆகவே பெட்டரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயர் உரசி ஷோர்ட் ஆகும்போது அது ஒன்றும் செய்யாது. இரும்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். திறப்பில் இருந்து வரும் கரண்டை ஒரு சின்ன ரிலேக்கு (கரண்டால் இயங்கும் சுவிட்சுக்கு) மட்டும் கொடுத்து, ரிலே வழியாகச் சிவப்பு வயருக்குக் கொடுத்தேன். பழைய திறப்பு சுவிட்சின் மேல் புதுப் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்பதற்காக. கறுப்பு வயரை டேஷின் ஸ்குரூவில் கட்டாமல், பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி தெரியும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கினேன்.

வயர் வாங்கும்போது ஒரு சின்னப் பரிசோதனை. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. மலிவு, ஆனால் அதே தடிப்புக்குக் குறைந்த கரண்ட்தான் தாங்கும், உப்புக் காற்றில் சீக்கிரம் உடைந்தும் போகும். புறக்கோட்டையில் இரண்டும் ஒரே சுருளாகத்தான் தொங்கும், கேட்டால்தான் சொல்வார்கள். மூட்டுகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாதீர்கள். கொழும்பு வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கிக் கழன்றுவிடும். சால்டர் பண்ணி, சூடு காட்டினால் சுருங்குகிற குழாய் போடுங்கள். வயர், பியூஸ், ரிலே, குழாய் எல்லாம் சேர்த்து 9,000 ரூபா.

செட்டைக் குளவ் பொக்ஸுக்குள் வைத்தேன். டட்சனில் அந்தப் பெட்டியின் உட்பக்கம் வெறும் அட்டை. அதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மெல்லிய பிளைவூட்டில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து, முதுகுப் பக்கம் காற்றுப் போகத் துளை விட்டுச் செட்டைப் பொருத்தினேன். மூடியைச் சாத்தினால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இது 1978 வண்டிதான். பழைய ரேடியோ தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. கள்ளனுக்கும் தெரியாது. ஒரு குறை, மூடியைச் சாத்தினால் செட்டின் மைக்குக்கு என் குரல் கேட்காது. வெளி மைக் பூட்டும் துளை உள்ள செட்டாகப் பார்த்து வாங்கியதால் தப்பினேன். மைக்கை சன் வைசருக்குக் கீழே கொண்டுவந்தேன்.

ஸ்பீக்கருக்குக் கதவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, உள்ளே எவ்வளவு ஆழம் மிச்சம் என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். என் வண்டியில் ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் முட்டும் நிலை. அதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். பழைய கதவில் கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவது இயல்பு, கதவின் அடியில் உள்ள துளை வழியாக வெளியேறிவிடும். அந்த வழியில் காகிதக் கோன் உள்ள ஸ்பீக்கரை வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆகவே நான் கதவைத் தொடவில்லை. சீட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில், வண்டியைத் தூக்கும் ஜக்குக்குப் பக்கத்தில், பிளைவூட் பெட்டி இரண்டு செய்து 4 ஓம் ஸ்பீக்கர்களை வைத்தேன். சத்தம் முதுகில் இருந்து வருவது முதலில் ஒரு மாதிரி இருந்தது, பழகிவிட்டது. செட் வந்த பெட்டியில் அச்சடித்திருக்கும் 4 × 50 வொட்டைப் பார்த்துப் பெரிய ஸ்பீக்கர் தேடி அலைய வேண்டாம். செட்டின் பின்னால் 10 அம்பியர் பியூஸ் இருக்கிறது. 14.4 வோல்ட்டில் 10 அம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வொட், அதில் ஒரு பெரும் பங்கு சூடாகப் போகிறது. 200 வொட் எங்கிருந்து வரும்? தொடர்ந்து வருவது ஒரு பக்கத்துக்கு 20 வொட்டுக்குக் கிட்ட. பழைய ஓல்டனேட்டருக்கு அதுவே போதும்.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் பாட்டுக்குப் பின்னால் ஊய் என்று ஒரு ஓசை. அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும். கூடவே டிக் டிக் டிக். சத்தியமாக அழுகை வந்தது. ஆனால் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. ஏரியல் வயரைக் கழற்றிவிட்டு போனில் இருந்து ஒரு பாட்டைப் போடுங்கள். ஓசை அப்போதும் இருந்தால் அது கரண்ட், எர்த் வழியாக வருகிறது. ஏரியலைக் கழற்றியதும் போய்விட்டால் காற்றில் இருந்து வருகிறது. என் ஊய் ஓசை முதல் வகை. செட்டின் எர்த்தை இன்னொரு இடத்தில், என்ஜின் எர்த் பட்டைக்குக் கிட்ட உள்ள இரும்புக்கு மாற்றியதும் அடங்கியது. டிக் டிக் இரண்டாவது வகை, பொயின்ட் உள்ள இக்னிஷனின் பொறி. ரெசிஸ்டர் உள்ள பிளக்குகளுக்கு மாறினேன். என்.ஜி.கே. பிளக்கில் பி.பி.6.இ.எஸ். என்பதற்குப் பதிலாக பி.பி.ஆர்.6.இ.எஸ். என்று நடுவில் ஓர் ஆர் இருக்கும், அதுதான் அடையாளம். இக்னிஷன் கொயிலின் பொசிட்டிவ் பக்கத்தில் ஒரு கண்டென்சரையும் பூட்டினேன். நெகடிவ் பக்கம் பூட்டினால் என்ஜினின் ஓட்டமே கெடும், கவனம்.

மிச்சம் ஏரியல். மட்கார்டில் நிற்கிற கம்பியின் அடிப்பக்கம் துருப்பிடித்து எர்த் விட்டிருந்தது. கழற்றி, உட்பக்கம் அரம் போட்டு, கிரீஸ் தடவிப் பூட்டியதும் எஃப்.எம். நீர்கொழும்பு வரை சுத்தமாகக் கேட்கிறது. வைப்பரைப் போட்டால் மட்டும் இன்னும் ஒரு கரகரப்பு. வைப்பர் மோட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கும் என்கிறார் கொட்டாஞ்சேனை ஐயா. பிரஷ் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமாம், விலையும் பெரிதில்லை. ஆனால் மோட்டரை எடுக்க நான் கட்டிய வயர்களில் பாதியைத் திரும்பக் கழற்ற வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு போயா விடுமுறை நாளில் மினக்கெடலாம் என்றிருக்கிறேன்.